கடல் தாண்டி வந்த படம்

பென்டரிக்,
1 டிசம்பர் 1991

அன்புள்ள லிண்ட்சே,

போனில் பேசினால் மறுபடியும் கத்துவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். அக்டோபரில் நகர மன்றக் கூட்டத்தின் வாசலில், "நம்ம டிவி ஸ்டேஷன்ல நாற்பது பேர் வேலையைக் காவு கொடுத்துட்டு உன் வேலையைக் காப்பாத்திக்கிட்டே" என்று உன்னிடம் சொன்னேனே, அதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் இது அம்மா விஷயம்.

இந்த மாதத்தோடு நம் சேனல் 5 முடிகிறது. அந்த அலைவரிசை எஃப்.எம். ரேடியோவுக்கு வேண்டுமாம். முப்பது வருஷமாகப் பார்த்த கருங்காக்கட்டூ கிளிச் சின்னம் போய், மெல்போர்னில் இருக்கும் உன் புதுக் கம்பெனியின் நீலச் சக்கரம் வருமாம். எந்தச் சின்னம் வந்தால் எனக்கென்ன? என் பயமெல்லாம் மஞ்சள் அட்டையைப் பற்றித்தான்.

உனக்குத் தெரியாததில்லை. உன் புது அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதிவைக்கிறேன். காட்டுத்தீ என்றால் தீயணைப்புப் படையின் கிளாரி ஆட்ஜர்ஸ் டிவி ஸ்டேஷனுக்குப் போன் செய்வார். நீ மஞ்சள் ஓரம் போட்ட அட்டையில் பட்டைத் தூரிகையால் எழுதி, கேமரா முன்னால் வைப்பாய். கிரிக்கெட் ஓடினாலும் சரி, பிரதமர் பேசினாலும் சரி, அட்டைதான் தெரியும். பள்ளத்தாக்கின் மேல்கோடிக் குன்றில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் கேட்காது, ரேடியோ கேட்காது, சைரன் கேட்காது. வெயில் நாட்களில் காலையிலேயே டிவியைப் போட்டுவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். 85-இல் "கூர்னா பள்ளத்தாக்கு, உடனே வெளியேறவும்" என்று அட்டை வந்ததும், பாதி உரித்த பட்டாணியோடு ஹோல்டன் காரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாளே, அவள்தான்.

இனி யார் அட்டை வைப்பார்கள்? அந்தக் கூட்டத்தில் மேடையில் நின்று, "எச்சரிக்கை எல்லாம் பழையபடி வரும்" என்று ஊருக்கே வாக்குக் கொடுத்தது நீதான். எனக்கு எழுத்தில் வேண்டும்.

கிளெனிஸ்

---

மெல்போர்ன்,
10 டிசம்பர் 1991

அன்புள்ள அக்கா,

எழுத்தில் கேட்டாய், இதோ எழுத்தில். எச்சரிக்கைகள் வரும். தீயணைப்பு அலுவலகம் எங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பும். நாங்கள் கம்ப்யூட்டரில் தட்டினால், எந்தப் பகுதிக்கு வேண்டுமோ அந்தப் பகுதித் திரையில் மட்டும் எழுத்து ஓடும். என் தூரிகை எழுத்தைவிட அழகாகவே இருக்கும். "எஸ்" எல்லாம் புழு மாதிரி இருக்கிறது என்று நீயே எத்தனை தரம் கிண்டல் செய்திருக்கிறாய்.

அம்மாவுக்குக் கூரையில் புது ஆன்டெனா மாட்ட வேண்டும். மீன்முள் மாதிரி சின்னச் சின்னப் பல் வைத்தது. டவுனில் கெல்வின் ஸ்டப்ஸ் மாட்டிக் கொடுப்பார். நம் பக்கத்து ஒளிபரப்புக் கோபுரம் வடக்கு மலையில் இருக்கிறது, அந்தப் பக்கம் பார்த்து வைக்கச் சொல். பில்லை எனக்கு அனுப்பு.

நாற்பது பேரைப் பற்றி நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. இங்கே ஒரே அறையில் நான்கு பிராந்தியங்களின் திரைகளை வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். நான்கிலும் ஒரே சக்கரம், ஒரே நொடியில் சுற்றுகிறது. எது எந்த ஊர் என்று தெரிய கீழே டேப் ஒட்டி எழுதிவைத்திருக்கிறோம். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. இப்போது பழகிவிட்டது.

அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் முத்தம். இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை.

லிண்ட்சே

---

பென்டரிக்,
8 ஜனவரி 1992

அன்புள்ள லிண்ட்சே,

ஆன்டெனா மாட்டியாகிவிட்டது. நானும் அம்மாவும் மட்டும் கிறிஸ்துமஸ் கோழியைச் சாப்பிட்டோம். உன் நாற்காலியில் அவள் கைப்பையை வைத்திருந்தாள்.

கெல்வின் ஒரு மணி நேரம் கூரையில் நின்றார். வடக்கே திருப்பினால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிதான். மலைச்சரிவு மறைக்கிறதாம். கடைசியில் தெற்கே, குன்றுகளுக்கு நடுவே கடல் பக்கம் திறக்கும் இடைவெளியைப் பார்த்துத் திருப்பினார். "இப்ப பாருங்க டீச்சர், கண்ணாடி மாதிரி வருது! நீலச் சக்கரமும் சுத்துது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அம்மா சக்கரத்தைப் பார்த்துக் கைதட்டினாள். "என் புள்ள கம்பெனி" என்று அவரிடம் சொன்னாள். காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில் சொன்னாள், கெல்வின் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

குளிர்ந்த நாளில் படம் மங்கிவிடுகிறதாம். "குளிருல டிவி எதுக்கு? வெயில் அடிச்சாத்தான் ஜம்முனு வருதே, அது போதும்" என்கிறாள். விளம்பரம் எல்லாம் புதுசாம். லான்செஸ்டன் கம்பளிக் கடை, ஏதோ படகுப் பந்தயம். எல்லாம் ஒரே கம்பெனி ஆனபின் விளம்பரத்தையும் கலந்துகட்டிப் போடுகிறீர்களாக்கும்.

படம் நன்றாக வருகிறது. ஆனாலும் எனக்கு மனம் அடங்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. புல் முழங்கால் உயரம் நின்று வெளுத்துக் கிடக்கிறது. நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கிறது. அவளுக்கு அதுவும் கேட்காது.

கிளெனிஸ்

---

மெல்போர்ன்,
13 ஜனவரி 1992
(விரைவுத் தபால்)

அக்கா,

இதைப் படித்ததும் காரை எடு.

அம்மா பார்ப்பது நம் சேனல் இல்லை. லான்செஸ்டன் இருப்பது டாஸ்மானியாவில், கடலுக்கு அந்தப் பக்கம். வெயில் நாளில் கடல் மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி படிந்துவிடும். அந்த மூடிக்கு அடியில் அவர்கள் அலை வழுக்கிக்கொண்டே முன்னூறு கிலோமீட்டர் வந்துவிடும். முன்பும் வந்ததுண்டு. அப்போது அவர்கள் சின்னம் வேறு, நம் சின்னம் வேறு. குழந்தைகூட, "இது நம்ம சேனல் இல்லையே" என்று மாற்றிவிடும். இப்போது எல்லா ஊரிலும் ஒரே சக்கரம். கெல்வின் சக்கரத்தைப் பார்த்து டியூன் செய்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை.

கூர்னாவுக்கு நான் எச்சரிக்கை போட்டால் அது வடக்கு மலைக் கோபுரத்திலிருந்துதான் போகும். அம்மா திரையில் வராது. அங்கே "இன்று மிதமான நாள், கடல் காற்று" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள்.

டிசம்பரில் உனக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பழைய சேனல் 5-இன் அலை நீளமானது, மலையைத் தொட்டு வளைந்து பள்ளத்திலும் இறங்கும். புதியது நேராகத்தான் போகும். மலை மறைத்தால் மறைத்ததுதான். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் வீடுகளுக்குப் படம் சரியாக வராமல் போகலாம் என்று எங்கள் வரைபடத்திலேயே சாம்பல் நிறத்தில் தீட்டியிருந்தது. மேடையில் நின்றபோது அது என் சட்டைப்பையில் இருந்தது.

ஆன்டெனாவை வடக்கே திருப்பு. புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. ஆறு மாதத்துக்கு நான் தற்காலிகம்தான்.

லிண்ட்சே

---

பென்டரிக்,
17 ஜனவரி 1992

லிண்ட்சே,

உன் சட்டைப்பையைப் பற்றி இப்போது எதுவும் எழுதப்போவதில்லை. எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் வேறு எங்கோ போய்விடும்.

அன்றே போனேன். கெல்வினையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆன்டெனாவைத் திருப்பியதும் திரையில் வெள்ளைப் புள்ளி பனி மாதிரிக் கொட்டியது. நான் நோட்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: "நீ பார்த்தது டாஸ்மானியா சேனல். நம் தீ எச்சரிக்கை அதில் வராது."

அவள் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

"சக்கரம் லிண்ட்சே கம்பெனியோடதுதானே?"

"எல்லா ஊரிலும் அதே சக்கரம்தான்" என்று எழுதினேன்.

"எல்லா ஊரும் அவன் கம்பெனின்னா, எல்லா ஊருக்கும் அவன்தானே சொல்வான்?" என்றாள். பிறகு திரையைக் காட்டி, "இதுல மூஞ்சியே தெரியலை, எழுத்து எப்படித் தெரியும்? உனக்கே சிரிப்பா இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் கேட்டதில் தப்பும் இல்லை, லிண்ட்சே. நீயே வந்து பார்த்தாலும் அந்தப் பனியில் ஒரு வரி வாசிக்க முடியாது.

"கோடை முடியும்வரை என்னோடு வந்து இரு" என்று எழுதினேன். அவ்வளவுதான், முகம் மூடிக்கொண்டது. "ஓ, அதுக்குத்தானா? மறுபடியும் தண்ணித்தொட்டியா?"

உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளைக் கீழே கொண்டுவர, தொட்டித் தண்ணீரில் விஷக்கிருமி இருப்பதாக நகராட்சி சொல்லிவிட்டது என்று பொய் சொன்னேன். மூன்று வாரம் என் வீட்டில் இருந்தாள். பிறகு கடைத்தெருவில் நகராட்சி ஆளையே பார்த்துக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நான் எந்த ஆபத்தைச் சொன்னாலும், அது அவளைக் குன்றிலிருந்து இறக்கும் தந்திரம்தான். பயத்தைக் கயிறாகப் பயன்படுத்தினேன். இப்போது உண்மையான பயம் வந்திருக்கிறது, அவள் பிடிக்க மாட்டேன் என்கிறாள்.

நான் கிளம்பும்போது கெல்வின் தலைகுனிந்துகொண்டு என்னிடம், "மறுபடி தெற்கே திருப்பி வச்சிட்டேன் டீச்சர். ஏணிக்குக் கீழே நின்னுக்கிட்டு, 'திருப்பலேன்னா நானே ஏறுவேன்'னாங்க. எழுபத்தியொரு வயசு. நான் என்ன செய்ய?" என்றார்.

நீ எழுது. அவளுக்கு நேராக, உன் கையெழுத்தில். நான் சொன்னால் பொய், நீ சொன்னால் வேதம். இரண்டு வரி போதும்.

கிளெனிஸ்

---

மெல்போர்ன்,
22 ஜனவரி 1992

அன்புள்ள அக்கா,

மூன்று தரம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

என்ன எழுத? "அம்மா, என் சேனல் உன்னைக் காப்பாற்றாது" என்றா? கையெழுத்துப் போட்டு எழுதினால் அது ஒரு சாட்சிக் காகிதம். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் எல்லாரிடமும் காட்டுவாள், உனக்கே தெரியும். நேற்று மேலாளரிடம் வேறு விதமாகக் கேட்டுப்பார்த்தேன். ஊர்ப் பெயரைச் சக்கரத்துக்குக் கீழே சின்னதாகப் போடலாமே என்றேன். "லிண்ட்சே, நாலு கோடி செலவு பண்ணி ஊர்ப் பெயரை எடுத்திருக்கோம். நீ சும்மா திரும்ப வைக்கச் சொல்றே" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 8 எனக்கு லீவு. நானே வருகிறேன். அம்மாவிடம் நேரில் சொல்கிறேன். குன்று உச்சியில் கம்பம் நட்டு வடக்குப் படத்தைக் கேபிளில் கீழே இறக்க முடியுமா என்றும் பார்க்கிறேன். இன்னும் பதினேழு நாள். தாக்குப்பிடி.

கோழை என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

லிண்ட்சே

---

மெல்போர்ன், கன்ட்ரோல் ரூம்,
30 ஜனவரி 1992, பிற்பகல் 2.50

அக்கா,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் தெரிந்திருக்கும். இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவன் என்ன என்று கேட்பான், அதனால் எழுதுகிறேன்.

1.40-க்கு ஃபேக்ஸ் வந்தது. கூர்னா பள்ளத்தாக்கு, வடக்குக் காற்று, உடனே வெளியேறவும். நாலே நிமிஷத்தில் நம் பகுதித் திரையில் ஓடவிட்டேன். அழகான எழுத்து. அம்மா பார்க்காத எழுத்து.

உன் பள்ளிக்குப் போன் செய்தேன். சேதி வந்ததுமே கிளம்பிவிட்டாய் என்றார்கள். தீயணைப்புப் படை ஆட்ஜர்ஸ் வீட்டுக்குச் செய்தேன். பள்ளத்தாக்குக்குப் போகும் பாலத்தை மூடிவிட்டார்கள், யாரையும் மேலே விடவில்லை என்றாள் அவர் மனைவி. "எங்க அம்மா மேல இருக்காங்க" என்றேன். "டிவியில போட்டாச்சே, இறங்கிடுவாங்கப்பா" என்றாள் அன்பாக.

பிறகு லான்செஸ்டன் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். ஜெனீன் என்று ஒரு பெண். முன்பின் தெரியாது.

"உங்க திரையில ஒரு தீ எச்சரிக்கை ஓட்டணும். இப்பவே" என்றேன்.

"தீயா? இங்கே இருபத்திரண்டு டிகிரி. நான் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"உங்க ஊர்ல இல்ல, விக்டோரியாவுல. கூர்னா பள்ளத்தாக்கு."

"விக்டோரியா தீக்கு நான் எதுக்கு டாஸ்மானியாவை எழுப்பணும்? எங்க ஆளுங்க வாளியைத் தூக்கிட்டு நீந்தி வரணுமா?"

"எங்க அம்மா உங்க சேனலைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குக் காது கேக்காது. வேற வழியே இல்ல."

அவள் பின்னால் வினாடி வினா நிகழ்ச்சியின் மணி அடிப்பது கேட்டது. அதே மணி என் அறையிலும் அடித்தது.

"கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து எங்களைப் பாக்கறாங்களா?"

"சக்கரம் ஒண்ணுதானே."

"எங்க மேலாளர் என் தோலை உரிச்சிருவார்."

"என் தோலும் கூடவே உரியும்."

"ரொம்ப ஆறுதலாச் சொல்றீங்க. அம்மா பேரு?"

"ஊனா ட்ரெகியர்."

2.09-க்குப் போட்டதாகச் சொன்னாள். வினாடி வினாவை மறைத்து, திரை முழுக்க: "ஊனா ட்ரெகியர். கூர்னாவில் தீ. உடனே காரில் கிளம்பு. லிண்ட்சே." ஆறு நிமிஷம் வைத்திருந்தாளாம். தீவு முழுக்கப் போன் மணி அடிக்கிறதாம், யார் அந்த ஊனா என்று.

ஆனால் அக்கா, காற்று பலமாக வீசினால் கடல் மேலிருக்கும் அந்த மூடி கலைந்துவிடும். படம் உடைந்துவிடும். 2.09-க்கு அம்மா வீட்டில் படம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் பட்டாணியைக் கழுவ சமையலறைக்கு எழுந்து போயிருந்தால்? ஆறு நிமிஷம் என்பது எவ்வளவு?

போன் அடிக்கிறது. எனக்கு இல்லை.

---

பென்டரிக்,
2 பிப்ரவரி 1992

அன்புள்ள லிண்ட்சே,

அன்று சாயங்காலம் போனில் "இருக்கிறாள்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எனக்கு வரவில்லை. நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

பாலத்தின் குறுக்கே வண்டியை நிறுத்தியிருந்தார்கள். கிளாரி என் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், திருப்புங்க." "அம்மா மேல இருக்காங்க." "மெல்போர்ன்ல எச்சரிக்கை போட்டாச்சு, பார்த்திருப்பாங்க." "அவங்க பாக்கறது வேற டிவி!" என்று கத்தினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். வானம் காயாத செங்கல் நிறத்தில் இருந்தது. நான் மணி பார்த்தேன், 2.20. அந்த நிமிஷம் மனத்துக்குள் அவளை அடக்கம் செய்துவிட்டேன், லிண்ட்சே. எந்த உடுப்பு என்றுகூட யோசித்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்.

2.31-க்குப் புகைக்குள்ளிருந்து ஹோல்டன் வந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு, நடு ரோட்டில், அவள் வழக்கமான வேகத்தில். பின் சீட்டில் இரண்டு கோழி. கண்ணாடியை இறக்கி, "எதுக்குடி இப்படி அழறே? லிண்ட்சே சொல்லிட்டானே! பேர் போட்டுச் சொன்னான்!" என்றாள்.

வீடு தப்பியது. கொட்டகையும் மேல் வேலியும் போயின. தீ தென்சரிவில் இறங்கி, வாசலுக்கு எழுபது அடியில் காற்று மாறி நின்றுவிட்டது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வெள்ளி, சனி இரண்டு நாளும் என் வீட்டில் இருந்தாள். நோட்டு முழுக்க எழுதித் தீர்த்தேன். ஜெனீன் யார், நீ யாருக்குப் போன் செய்தாய், கடல், மூடி, எல்லாம். ஒவ்வொரு பக்கத்தையும் பொறுமையாக வாசித்துவிட்டு, "என்ன சுத்தி வளைச்சாலும், தீ வந்துச்சு, என் டிவியில அவன் சொன்னான். நீதான் வராதுன்னே" என்றாள். அவள் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போன மாதம் அவளுக்குச் சந்தேகத்தின் நிழலாவது இருந்தது. நீ அவளைக் காப்பாற்றி அதையும் துடைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நேற்று இரண்டாம் தரம் நீ போன் செய்தபோது, ஜெனீனைக் கன்ட்ரோல் ரூம் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாய். நாளை உன்னையும் மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். அப்படியென்றால் அடுத்த தரம் கடலின் அந்தப் பக்கம் அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இந்தப் பக்கம் ஃபேக்ஸை வாங்க நீயும் இல்லாமல் போகலாம். அட்டையில்லாத சக்கரம் மட்டும் சுற்றும். அவள் அதை நம்பி எதிரே உட்கார்ந்திருப்பாள்.

இன்று காலை கோழிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். தடுக்கவில்லை. தடுத்தால் அது மறுபடியும் தண்ணீர்த்தொட்டி.

பள்ளிக்கு ஆறு வாரம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மதியம் மேலே போகிறேன். தங்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. வேலியைச் சரிசெய்ய ஆள் வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். அவள் நம்பியது மாதிரித் தெரிந்தது. அல்லது நம்பியது மாதிரி இருந்தாளோ, தெரியாது. எனக்குத் தீ என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் ஒரு கோடைகூட முழுதாகத் தூங்கியதில்லை, பதினெட்டு வயதில் அங்கிருந்து ஓடிவந்ததற்கே அதுதான் காரணம். அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை 39 டிகிரி என்கிறார்கள். வடக்குக் காற்று. படம் கண்ணாடி மாதிரி வரும்.

8-ஆம் தேதி வரை காத்திருக்காதே. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பி வா. வரும்போது பாலம் மூடியிருந்தால் கிளாரியிடம் கேள். மேலே இரண்டு பேர் என்று அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிளெனிஸ்